ஊசிக்கு முன்னும் பின்னும்: காரைக்குடி நாட்குறிப்பு

ஏப்ரல் 4

ஆஸ்துமாவில் அவதிப்படும் அப்பத்தாவுக்கு மாசியில் எடுத்த ரத்த ரிப்போர்ட் பட்டாலை அலமாரியில் கிடைத்துவிட்டது! ஈஸினோபில் என்கிற வெள்ளணு வகை 12% என்று போட்டிருக்கிறது. சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. மொத்த வெள்ளணு 9,000, அதில் 12% என்றால் மைக்ரோலிட்டருக்கு 1,080. போன வாரம் எடுத்ததிலோ வெறும் 40. இடையில் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 10 மில்லிகிராம் தொடங்கியாயிற்று, அது ஈஸினோபிலை அமுக்கிவிடும். 40-ஐ மட்டும் பார்க்கிற டாக்டர், ஈஸினோபிலைக் குறைக்கிற ஆஸ்துமா ஊசி வேண்டாம் என்றுதான் சொல்வார். அந்த ஊசிகளில் ஒன்றான மெப்போலிசுமாபுக்கு இப்போது 150 இருக்க வேண்டும், அல்லது ஓராண்டுக்குள் 300 தொட்டிருக்க வேண்டும். ஆகவே பழைய தாளை யாரும் தூக்கிப் போடாதீர்கள்.

ஏப்ரல் 6

புழு. முதலில் புழுவைப் பார்க்க வேண்டும்.

நம் மண்ணில் ஈஸினோபில் ஏறினால் அது ஆஸ்துமாவால் மட்டும்தான் என்று முடிவுகட்டக் கூடாது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு வெறுங்காலின் தோல் வழியே ஏறிக் குடலில் பத்து இருபது வருஷம் கூட சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு உள்ளே போனால் உடம்பெங்கும் பரவி உயிரையே எடுத்துவிடும். ஈஸினோபிலோ புழுவை எதிர்க்கும் படை, அதைக் குறைக்கத்தான் இந்த ஊசி. அப்பத்தா வயலில் செருப்புப் போட்டு நடந்தவரே இல்லை.

ஏப்ரல் 7

மலம் இரண்டாம் முறையும் கொடுத்தாயிற்று. ஒருமுறை பார்த்தால் தப்பிவிடும்.

ஏப்ரல் 11

புழுவுக்கான ரத்த ஆன்டிபாடி சோதனை நெகட்டிவ். ஸ்டீராய்டில் இருப்பவருக்குப் பொய்யாகவும் நெகட்டிவ் வரும் என்பதால் டாக்டர் ஐவர்மெக்டின் என்ற புழு மாத்திரையும் கொடுத்துவிட்டார். கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், 45 கிலோவுக்கு 9 மில்லிகிராம், வெறும் வயிற்றில். எனக்கு இப்போதுதான் நிம்மதி.

ஏப்ரல் 12

எந்த ஊசி என்று இரவெல்லாம் யோசனை. இன்டர்லூக்கின்-5 என்ற புரதம்தான் எலும்பு மஜ்ஜையில் ஈஸினோபிலை வளர்த்து, சாகாமல் காக்கிறது. மெப்போலிசுமாப் அந்தப் புரதத்தையே பிடித்துக்கொள்ளும். பென்ராலிசுமாப், ஈஸினோபில் மேல் அந்தப் புரதம் வந்து ஒட்டும் இடமான ஏற்பியில் ஒட்டி, இயற்கைக் கொல்லி அணுக்களை அழைத்து அதைக் கொல்லவைக்கும். டுபிலுமாப் இன்டர்லூக்கின்-4, 13 இரண்டின் வழியையும் அடைக்கும். அதில் ரத்த ஈஸினோபில் சிலகாலம் ஏறவும் செய்யும், திசுவுக்குள் போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்குவதால்.

2000-இல் இன்டர்லூக்கின்-5 எதிர்ப்பு மருந்தைச் சோதித்தபோது ஈஸினோபில் இறங்கியும் மூச்சுக்குழாயில் பலன் தெரியவில்லை. 2009-இல் கனடாவின் ஹாமில்டனில் பரமேஸ்வரன் நாயர் குழுவும், இங்கிலாந்தின் லெஸ்டர் குழுவும் ஈஸினோபில் மிகுந்தவர்களாகப் பார்த்துத் தேர்ந்து கொடுத்தார்கள். மூச்சுத்திணறல் தாக்குதல்கள் குறைந்தன. அதனால்தான் எனக்கு அந்த 1,080 அவ்வளவு பெரிசு.

ஏப்ரல் 16

மெப்போலிசுமாப்தான் என்று முடிவாகி, மதுரையிலிருந்து குளிர்பெட்டியில் வந்தது. தூள் மருந்து, 25 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஐஸ் பேக் மருந்தைத் தொட்டபடி வைத்தால் உறைந்துவிடும், உறைந்தது பயன்படாது. ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கக் கூடாது, நடுத்தட்டில்தான். மதியம் கரண்ட் போனது. தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். 6.

ஏப்ரல் 17

போட்டாயிற்று. தூள் குப்பி, 100 மில்லிகிராம். நர்ஸ் 1.2 மில்லி ஊசிநீர் விட்டு, 10 விநாடி மெல்லச் சுழற்றி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி சுழற்றினார். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெடும். 1 மில்லி, தொடையில், தோலுக்கடியில்.

மே 3

"மூச்சு நல்லா வருதே, மாத்திரைய நிப்பாட்டிரலாமா ஆத்தா?"

கூடாது அப்பத்தா. திடீரென்று விட்டால், மாத்திரையால் தூங்கிப்போன அட்ரினல் சுரப்பி உடனே எழாது. ரத்த அழுத்தம் விழும், வாந்தி வரும். படிப்படியாகத்தான். இன்ஹேலரும் நிற்காது.

மே 15

இரண்டாவது ஊசி. மாத்திரை 7.5 ஆயிற்று. இரண்டாம் கட்டு அறையைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், படைப்புக்குத் திறந்தபோது அந்த மெத்தைத் தூசியில்தான் ஆரம்பித்தது.

ஜூன் 9

மாத்திரை 5. மூச்சு நன்றாகவே இருக்கிறது. ஆனால் வலது பாதம் மரத்திருக்கிறதாம், செருப்பு நழுவுகிறதாம்.

ஸ்டீராய்டு குறையும்போது அதுவரை மறைந்திருந்த, நரம்பையும் தாக்கும் ஈஸினோபில் ரத்தநாள அழற்சி வெளியே வரலாம். நரம்புச் சோதனை, சிறுநீரில் புரதம், ஆன்கா என்ற ரத்தச் சோதனை மூன்றும் கேட்க வேண்டும். ஆன்கா நெகட்டிவ் என்றால் இல்லை என்று ஆகாது. அதுவாக இருந்தால் ஊசி 100 போதாது, 300. நாளைக் காலை முதல் பஸ்ஸில் மதுரை. குளிர்பெட்டியை யார் பார்த்துக்கொள்வது?