அக்னோனுக்கு எந்தத் தமிழ்?

ஷ்முவேல் யோசேஃப் அக்னோனுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லி சாக்ஸோடு பகிர்ந்துகொண்டார். ஹீப்ருவில் எழுதி அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். நம் பக்கத்தில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் நோபல் முத்திரையைப் பார்த்து நாவல் வாங்குகிறவர்கள் ‘இஸ்ரேலிய எழுத்தாளர்’ என்று நினைத்து அவரைத் திறந்தால் திகைத்துப் போவார்கள். போர் இருக்காது, பாலைவனம் இருக்காது. ஒரு சின்ன ஊர்க் கடைவீதி, கல்லாவில் உட்கார்ந்து குடும்பத்தையே ஆட்டிவைக்கும் ஓர் அம்மா, கல்யாணத் தரகர், சீர் வரிசைக் கணக்கு இவைதான் இருக்கும். கரூரிலோ கோபியிலோ பிறந்தவருக்கு இதில் அந்நியம் ஒன்றுமில்லை. சிக்கல் கதையில் இல்லை, மொழியில் இருக்கிறது. அவரைத் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் சறுக்குகிற இடங்களைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் ஆளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1887இல் கலீசியாவின் புச்சாச் ஊரில் பிறந்தார். அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு, இன்று மேற்கு உக்ரைன். குடும்பப் பெயர் சாச்கெஸ். பிறந்த வருடம் 1888 என்றும், எருசலேம் ஆலயம் இடிந்த துக்க நாளான ஆவ் மாதம் ஒன்பதாம் நாளில் பிறந்ததாகவும் அவரே சொல்லிக்கொண்டார். ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே தன்னைப் பற்றி அவர் சொல்வதைப் பிறப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அதுவும் ஒரு கதைதான்.

1908இல் பாலஸ்தீனத்தின் யாஃபா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். அதே வருடம் ‘அகுனோத்’ என்ற கதை வெளியானது. அந்தத் தலைப்பிலிருந்துதான் அக்னோன் என்ற புனைபெயர் வந்தது, பிற்பாடு அதுவே சட்டப்படியான பெயரானது. அகுனா என்றால் புருஷன் காணாமல் போயோ விவாகரத்துப் பத்திரம் தராமலோ இருப்பதால் மறுமணம் செய்ய முடியாமல் கட்டுண்டு கிடக்கும் பெண். இதற்கு ‘வாழாவெட்டி’ என்று போட்டுவிடத் தோன்றும், ஆனால் கூடாது. வாழாவெட்டி என்பது ஊர் வாய் வைக்கும் பெயர், அதில் ஏளனம் இருக்கிறது. அகுனா என்பது சட்டம் போட்ட கட்டு. ஹீப்ருவில் நங்கூரத்துக்கான சொல்லும் இதே வேரெழுத்துகளைக் கொண்டதுதான். ‘கட்டுண்டவள்’ என்றால் ஓரளவு சரியாக வரும்.

இனி பெரிய சிக்கலுக்கு வருவோம். அக்னோனின் கலீசிய மாந்தர்கள் வீட்டில் பேசுவது யித்திஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சு மொழி. அவர் எழுதுவதோ ஹீப்ரு. அந்த ஹீப்ருவும் டெல் அவிவ் தெருவில் கேட்கிற ஹீப்ரு அல்ல. மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு, மித்ராஷ் என்ற வேத விளக்கங்கள், பக்தி நூல்கள் வழியாக வந்த ரபிகளின், அதாவது யூத மதகுருக்களின், நடை. அதாவது மூலத்தில் இருக்கும் உரையாடலே ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்பு. கடைக்காரி பேரம் பேசுவதும் வேதநூல் விளக்கத்தின் வாக்கிய அமைப்பில்தான் வரும். அதிலிருந்துதான் அவருடைய கிண்டலும் பிறக்கிறது.

நம்மாட்கள் செய்கிற தவறு, கடைவீதி என்றதும் பேச்சு வழக்குக்குத் தாவிவிடுவது. கொங்கு வழக்கு நாவலில் ஏறி நின்றதற்கு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942லேயே சான்று. அந்தப் பெருமையை அக்னோன் தலையில் கட்டினால் காரியம் கெடும். ‘மாமனூட்டுக்குப் போயிட்டு வந்தானுங்க’ என்றால் பாத்திரம் உயிரோடு வரும், ஆனால் அக்னோன் போய்விடுவார். ‘மாமனார் இல்லத்திற்குச் சென்று திரும்பினான்’ என்றால் செய்தித்தாள். ‘மாமன் மனை புக்கு மீண்டான்’ என்றால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

வேண்டிய நடை, எல்லோரும் கேட்டிருக்கிற, ஆனால் யாரும் பேசாத தமிழ். நம் கொங்குக் கல்யாணத்தில் குடிமகன், அதாவது நாவிதர், பாடும் மங்கல வாழ்த்து அப்படிப்பட்டது. கம்பர் பாடியது என்பார்கள். பந்தலில் இருக்கும் ஆத்தாளுக்கும் அப்பாருக்கும் பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது, அடுத்த அடி மட்டும் தெரியும். அக்னோனின் முதல் வாசகர்களுக்கு அவருடைய ஹீப்ரு காதில் விழுந்த விதமும் ஏறக்குறைய அதுதான். ஜெபத்தில் கேட்ட சொல், மளிகைக் கணக்கின் நடுவே வந்து நிற்கும். ‘மாமன் வீடு சென்று மீண்டான்’ என்ற அளவில் நிறுத்தினால் போதும். வினை கொஞ்சம் பழையதாக இருக்கலாம், பெயர்ச்சொல் இன்றையதாக இருக்கட்டும்.

இதற்கு மேசைமேல் இருக்க வேண்டிய முதல் புத்தகம் அகராதி அல்ல, பழைய தமிழ் பைபிள். 1939இல் வந்த நாவலின் தலைப்பு எரேமியா 14:8இலிருந்து எடுத்தது. ஆங்கிலத்தின் வழியே வந்தால் ‘ஓர் இரவு விருந்தாளி’ என்று சப்பென்று முடியும். தமிழ் பைபிளில் ‘இராத்தங்க’ என்ற சொல் காத்துக்கொண்டிருக்கிறது. 1945 நாவலான ‘த்மோல் ஷில்ஷோம்’ ஆங்கிலத்தில் ‘நேற்றுத்தான்’ என்று ஆகிவிட்டது. ஆதியாகமம் 31இல் யாக்கோபின் மாமனார் லாபானின் முகம் ‘நேற்று முந்தைநாள்’ இருந்ததுபோல் இல்லை என்று வருகிறதே, அதே சொல்தான் இது. தமிழ்த் தலைப்பு கையிலேயே இருக்கும்போது ஆங்கிலத்திடம் கடன் வாங்க வேண்டியதில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 1935இல் வந்த ‘எளிய கதை’ என்பேன். ஹில்லெல் ஹால்கினின் ஆங்கிலம் ஓட்டமாக இருக்கும். ஊர் பெயர் ஷிபுஷ். அது புச்சாச்சின் மாறுவேடம், ஹீப்ருவில் ‘பிழை, குளறுபடி’ என்று பொருள். தரகர் யோனா டாய்பர். யோனா என்றால் புறா, டாய்பர் என்பதிலும் யித்திஷ் புறாவே ஒலிக்கிறது. மனநல மருத்துவர் லாங்சாம், ஜெர்மனில் ‘மெதுவாக’. இவற்றுக்கு அடிக்குறிப்பு போட்டுத் தள்ளாதீர்கள். முதல் தடவை பெயர் வரும் வரியிலேயே நாலு சொல்லில் நுழைத்துவிடலாம்.

கதை இதுதான். கடைக்கார வீட்டு ஒரே பையன் ஹிர்ஷல். தாய் இறந்துபோனதால் அவர்கள் வீட்டில் வந்து வேலைக்காரியாகவே ஆகிவிட்ட உறவுக்காரப் பெண் புளூமெ. பையனுக்கு அவள்மேல் மனம். அம்மா த்ஸிர்ல் ஊர்ப்புறத்து வசதியான வீட்டு மீனாவை முடித்துவைக்கிறாள். டவுன் கடையும் தோட்டத்து வீடும் சம்பந்தம் செய்துகொள்ளும் கணக்கை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஹிர்ஷலுக்குப் புத்தி பேதலிக்கிறது. பட்டாளத்துக்குத் தப்பிக்க நடிக்கிறான் என்று ஊர் பேசிக்கொள்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனிக்க வேண்டும். புளூமெயின் தாய் மிர்ல், ஹிர்ஷலின் அப்பாவுக்கு ஆங்கிலத்தில் ‘கசின்’. ஒரு காலத்தில் அவர் அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவர். ஹீப்ருவிலும் மாமனுக்கும் சித்தப்பனுக்கும் ஒரே சொல்தான். தமிழில் முறை சொல்லாமல் நகர முடியாது. மிர்லை ‘மாமன் மகள்’ என்று போட்டால் அப்பாவின் பழைய ஆசை பொருந்தும், ஆனால் முறைப்படி அவள் மகள் ஹிர்ஷலுக்குத் தங்கை ஆகிவிடுவாள். ‘பெரியப்பா மகள்’ என்று போட்டால் புளூமெ அத்தை மகளாகி உரிமைப் பெண்ணே ஆகிவிடுவாள், ஆனால் அப்பா பங்காளி வீட்டுப் பெண்ணுக்கு ஆசைப்பட்டவர் ஆவார். எப்படிப் போட்டாலும் ஒரு தலைமுறை நாறும். இரண்டு இடத்திலும் ‘சொந்தக்காரப் பெண்’ என்று மழுப்புவதுதான் ஒரே வழி. மற்ற இடங்களில் மழுப்பலை நான் ஆதரிக்க மாட்டேன்.

இன்னொன்று, ‘ரெப்’ என்பது ரபி அல்ல. மரியாதைக்குரிய எந்த ஆண்மகனுக்கும் முன்னால் வருவது. 1931 நாவலில் மூன்று பெண்களின் கல்யாணச் செலவுக்காக வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ரெப் யூடெலை ‘ரபி யூடெல்’ ஆக்கினால் ஓர் ஏழை பக்தர் மதகுரு ஆகிவிடுவார். அந்த வீட்டில் சேவலுக்கும் ரெப் பட்டம் உண்டு, ரெப் ஸெராஹ். அப்போது என்ன செய்வீர்கள்?

மூலப்பிரதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அக்னோன் அச்சான பிறகும் திருத்திக்கொண்டே இருந்தவர், ஒரே கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. 1913 வாக்கில் ஜெர்மனி போனவருக்கு, பல்பொருள் அங்காடிகள் நடத்திய ஸல்மான் ஷோக்கன் என்ற வணிகர் படியளந்தார், பதிப்பாளரும் ஆனார். 1924இல் பாட் ஹோம்பர்க் வீட்டில் தீப்பிடித்து, ஏறக்குறைய 4000 புத்தகங்களும் அச்சுக்குப் போகவிருந்த ஒரு பெரிய நாவலின் கையெழுத்துப் படியும் போயின. அதே வருடம் எருசலேம் திரும்பினார். 1929 கலவரத்தில் வீடு சூறையாடப்பட்டது. பிறகு எருசலேமின் தல்பியோத் பகுதியில் கட்டிய வீட்டில் சாய்மேசை முன் நின்றபடியே எழுதினார். எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கும், மனைவி எஸ்தர்தான் படியெடுத்தார். 1970இல் இறந்த பிறகு வந்த ‘ஷிரா’ உள்ளிட்டவற்றை மகள் எமுனா யாரோன் பதிப்பித்தார். ஆகவே எந்தப் பதிப்பிலிருந்து மொழிபெயர்க்கிறோம் என்று முன்பக்கத்தில் வருடத்தோடு போடுங்கள்.

கடைசியாக நாய். ‘நேற்று முந்தைநாள்’ நாவலில் விவசாயம் செய்யப் பாலஸ்தீனம் வந்து வேலை கிடைக்காமல் பெயின்டராகும் இட்ஸ்ஹாக் கும்மர், ஒரு தெருநாயின் முதுகில் மிச்சப் பெயின்டால் ‘கெலெவ் மெஷுகா’, வெறிநாய், என்று விளையாட்டாக எழுதிவிடுகிறான். ஊரே நாயைக் கண்டு ஓடுகிறது. நாய்க்கு நிஜமாகவே வெறி பிடிக்கிறது, கடைசியில் அவனையே கடிக்கிறது. அவனை அடக்கம் செய்த பிறகுதான், வறண்டு கிடந்த ஊரில் மழை இறங்குகிறது. வானம் பார்த்த பூமிக்காரர்கள் அந்தப் பக்கங்களை அவசரமாகக் கடக்க மாட்டார்கள்.

ஹீப்ரு வலமிருந்து இடமாகப் போகும். அதில் நாயைக் குறிக்கும் ‘கெலெவ்’ என்ற சொல்லை ஒருவர் இடமிருந்து வாசித்துவிட்டு நாயின் பெயர் பாலாக் என்கிறார். எண்ணாகமத்தில் இஸ்ரவேலரைச் சபிப்பதற்காகப் பிலேயாம் என்ற குறிசொல்லியைக் கூப்பிட்ட அதே மோவாப் ராஜா பெயர். ஆங்கிலத்தில் இதை விளக்கித்தான் புரியவைக்க வேண்டும். தமிழில் க-ல-ப என்று மூன்று எழுத்தைத் தனித்தனியாக முதுகில் எழுதினால் போதும், திருப்பினால் ப-ல-க. ஹீப்ருவில் ப-வுக்கும் வ-வுக்கும் ஒரே எழுத்து என்பதால் மோசடியும் இல்லை. மெய்ப்பு பார்ப்பவர் உச்சரிப்புக்கு ஏற்ப அதைக் ‘க-ல-வ’ என்று திருத்திவிடாமல் ஓரத்தில் சிவப்பில் எழுதி வையுங்கள்.