குளத்தில் எத்தினை அடி

கிளிநொச்சி கனகபுரத்தில் தம்பி வீட்டுக் கிணற்றடியில் இருந்து இதை எழுதுகிறேன். அப்பாவின் திவசத்துக்காக மூன்று கிழமை லீவு எடுத்துத் தனியத்தான் வந்தேன். "மனுசன் வரேல்லையோ?" என்று கேட்ட எல்லாரிடமும் "லீவு கிடைக்கேல்லை" என்றேன். அம்மாவிடம் மட்டும் அந்தப் பொய் எடுபடவில்லை.

போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு இவர் கனடாவிலிருந்து வந்து என்னைக் கலியாணம் செய்தார். புதுக்குடியிருப்பு ஆள். அடுத்த வருசம் நான் போய் இறங்கியது ஸ்காபரோவில், பதினோராம் மாடியில் ஓர் அறை வீட்டில். குளிர், பஸ், ஆங்கிலம் எல்லாம் ஒரு வருசத்தில் பழகிவிட்டன. 2009 மே 10ஆம் திகதி, வன்னியில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தபோது கைக்குழந்தையோடு நாங்களும் போனோம். அம்மாவும் அப்பாவும் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாத மாதங்கள் அவை. இரவில் நான் திடுக்கிட்டு எழும்பினால் இவரும் எழும்பி இருப்பார். அந்த மனிதரோடுதான் மூன்று வருசமாக ஒழுங்காகக் கதைக்காமல் இருக்கிறேன்.

2021இல் ஏஜக்ஸில் வீடு வாங்கினோம். நாலு அறை, இரண்டு கார் விடுகிற கராஜ், பின்னால் புல். தெரிந்தவர்கள் எல்லாரும் ஸ்காபரோவை விட்டுக் கிழக்கே போனார்கள், நாங்களும் போனோம். எங்களுக்கு அவ்வளவு பெரிய வீடு தேவையா என்று ஒருநாள்கூட இருந்து கதைக்கவில்லை. மாறும் வட்டியில் எடுத்த கடன். 2022 தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த நாட்டின் அடிப்படை வட்டி 2023 யூலையில் 5 வீதத்தில் வந்து நின்றது. மாதம் 2,400 டொலர் கட்டிய நாங்கள் 4,200 கட்ட வேண்டியதாயிற்று. இவர் வேர்ஹவுஸில் பின்னேர வேலைக்கு மேலே சனி ஞாயிறும் எடுத்தார். நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்கு மாறினேன். பேஸ்மென்ற்றில் இருந்த மாணவப் பிள்ளைகளின் வாடகைதான் மூச்சு விட வைத்தது. 2024 தொடக்கத்தில் வெளிநாட்டு மாணவர் தொகைக்கு அரசு வரம்பு வைத்தது. இருந்த பிள்ளைகள் படிப்பு முடிந்து போக, புதிதாக ஒருவரும் வரவில்லை. வெறுமையாய்க் கிடந்த அந்த அறையில் இவர் படுக்கத் தொடங்கினார். "நீர் பகலில நித்திரை கொள்ளுறனீர், குழப்பக்கூடாது" என்பதுதான் சொன்ன காரணம். பிறகு வட்டி இறங்கியது. இவர் மேலே வரவில்லை.

எனக்கு 48 வயது. மாதவிடாய் நிற்கிற காலம். உடம்பு திடீரெனக் கொதிக்கும், வேர்த்து ஊற்றும், சின்னச் சொல்லுக்கும் கோபம் வரும். இதையெல்லாம் நான் அவருக்குச் சொன்னதில்லை. மகள் வேறு நகரத்தில் படிக்கிறாள். மகன் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பான், பசித்தால் கீழே வருவான்.

எனக்கு வேலை இல்லாத இரவுகளில் நடப்பதைச் சொல்கிறேன். பன்னிரண்டு மணிக்குக் கராஜ் கதவு ஏறி இறங்குகிற சத்தம் கேட்கும். எஞ்சின் நிற்கும். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காது. ஒருநாள் உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்துக் கதவை விரல் அளவு நீக்கிப் பார்த்தேன். கராஜ் லைற் தானாக அணைந்துவிட்டது. இருட்டுக்குள் இவர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, அதன் வாரைச் சுண்டுவிரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். இருபத்தைந்து நிமிசம். என் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் இருக்கிறார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்தேன்.

திவசம் முடிந்த மூன்றாம் நாள் இதை அம்மாவிடம் சொல்லி அழுதேன். அவ சுளகில் அரிசியைக் கொழித்துக்கொண்டே கேட்டா.

"கொப்பரும் இப்பிடித்தான், பிள்ளை. உனக்கு நினைவில்லையோ?"

1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடி விசுவமடுவில் கொட்டில் போட்டிருந்தோம். அப்பாவுக்கு அப்போது 48 வயது, இன்றைக்கு எனக்கு இருக்கிற வயது. வயல் போய்விட்டது, வேலை இல்லை. பின்னேரமானால் குளக்கட்டில் போய் இருப்பார், இருட்டித்தான் வருவார். நாங்கள் அவர் காற்று வாங்கப் போகிறார் என்று நினைத்தோம். அம்மாவுக்கும் கோபம்தான், ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லையாம். ஒருநாள் பிளாஸ்கில் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்தாவாம். கனநேரத்துக்குப் பிறகுதான் அப்பா வாய் திறந்தாராம், "மாடு ரெண்டையும் வித்துப்போட்டன்" என்று. விற்று இரண்டு கிழமை ஆகியிருந்தது. உறவுக்காரர் வளவில் கட்டியிருப்பதாக எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

"சிறுபோக விதைப்புக்குக் கமக்காரர் கூடுற கூட்டத்தில முதல் என்ன கேப்பினம்? குளத்தில எத்தினை அடி நிக்குதெண்டு. அது தெரிஞ்சால்தான் எத்தினை ஏக்கர் விதைக்கலாம், ஆருக்கு எவ்வளவு பங்கெண்டு பிரிக்கலாம். நீங்கள் ரெண்டு பேரும் உங்கட தண்ணியை ஒருநாளாவது இருந்து அளந்தனீங்களோ?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கடன் புத்தகத்தில் நான் என் சம்பளத்தைப் போடுவேன், அவர் தன்னுடையதைப் போடுவார். யாரிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாது. பணத்தை மட்டும் சொல்லவில்லை.

நேற்றுப் பின்னேரம் தம்பியின் மோட்டார் சைக்கிளில் இரணைமடுக் குளத்துக்குப் போனேன். கட்டுக்குக் கீழே சிறுபோக நெல் குடலைப் பருவத்தில் பச்சையாய் நின்றது. இங்கே ஐந்தரை, அங்கே காலை எட்டு மணி. போன் எடுத்தேன். வழக்கமான கேள்விகளை விட்டுவிட்டு, "ஏன் கராஜுக்குள்ள இருக்கிறியள்?" என்று கேட்டேன். போன் அறுந்துவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு அமைதி.

"நீர் பாத்தனீரோ?"

"ஓம். பாத்துப்போட்டுக் கதவைச் சாத்தினனான்."

பிறகு சொன்னார். வேர்ஹவுஸில் மாசியிலிருந்து மணித்தியாலத்தைக் குறைத்துவிட்டார்களாம். குறைந்ததை நிரப்ப எனக்குத் தெரியாமல் 18,000 டொலர் கடன் எடுத்திருக்கிறார். வேலை சீக்கிரம் முடிகிற நாட்களில் ஏதாவது பிளாசாவில் காரை நிறுத்தி இருந்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வருவாராம். உள்ளே வந்தால் நான் கேட்டுவிடுவேனோ என்ற பயத்தில் கராஜிலும் இருப்பாராம்.

நானும் சொன்னேன். உடம்பு கொதிக்கிறதை, இரவு வேலை இனி ஏலாது என்பதை, பேஸ்மென்ற்றுக்கு அவர் இறங்கிய நாளில் நான் அழுததை. வீட்டை விற்கிறதா வைத்திருக்கிறதா என்று முடிவு எடுக்கவில்லை. நான் போன பிறகு இருந்து கதைப்போம் என்று மட்டும் சொன்னோம்.

வைக்கப் போகிற நேரத்தில் கேட்டார், "இப்ப எங்கை நிக்கிறீர்?"

"இரணைமடுக் கட்டில."

"குளத்தில எத்தினை அடி நிக்குது?"

இருங்கோ என்று சொல்லிவிட்டு, அளவு எழுதின தூணைப் பார்க்கக் கட்டு வழியே நடந்தேன்.