முருகைக்கல்

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கடல் சுமார் 110 கிலோமீட்டர்தான். 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல், நான் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மணமாகி வந்தபோது மழைக்காலம் என்று நின்றிருந்தது. இரவு பஸ்ஸில் சென்னைக்குப் போய், அங்கிருந்து பலாலிக்கு விமானம் ஏறினேன். எதிர்வீட்டுக்கு ஊரைச் சுற்றி வந்த கதை.

மொழி தமிழ்தானே என்று ஒருவரும் எனக்காகக் கவலைப்படவில்லை. முதல் வாரமே மாமி, "பிள்ளை, கெதியாக வெளிக்கிடு" என்றார். வீட்டை விட்டு வெளியேறச் சொல்கிறாரோ என்று நெஞ்சு பதறியது. பூசைக்கு நேரமாகிவிட்டது, சீக்கிரம் புறப்படு என்பதுதானாம்.

வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வளர்ந்தவள் நான். மணற்காடு என்ற ஊரில் மணல் மூடிய அந்தோனியார் கோயில் ஒன்று இருக்கிறது என்று கேட்டதும் இருப்புக் கொள்ளவில்லை. பருத்தித்துறையில் பிறந்த என் கணவரும் அதைப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் போனோம்.

கோயில் எங்கே என்று கேட்டால், வர்ணம் பூசிய புதுக் கோயிலையே எல்லோரும் காட்டினார்கள். வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான், "பழையதா? உந்தச் சவுக்குக்குள்ளால் போங்கள்" என்றார். உந்த! இலக்கண வகுப்பில் அ, இ, உ என மூன்று சுட்டு என்று மனப்பாடம் செய்தேன். மூன்றாவதை ஒருவர் வாயால் கேட்டது அன்றுதான். இந்தவுக்கும் அந்தவுக்கும் நடுவே, கேட்பவர் பக்கமாக இருப்பது உந்த.

சவுக்குக்குள் வழி தவறியது. உதிர்ந்த ஊசியிலை மெத்தையில் காலடிச் சத்தமே இல்லை. மரத்தின் இரைச்சல் எது, கடலின் இரைச்சல் எது என்றும் பிரிக்க முடியவில்லை. வந்த தடத்திலேயே ஒருமுறை திரும்பி வந்தோம். கடைசியில் மணல் மேடேறி இறங்கியபோது சுவர்கள் தெரிந்தன.

கூரை இல்லை. உள்ளே தரைக்குப் பதில் மணல். சாந்து உதிர்ந்த இடமெல்லாம் தேனடை போலத் துளைகள். "பவளப்பாறை" என்றேன். "முருகைக்கல்" என்றார் கணவர். விரல் வைத்தால் நறநறக்கும் அந்தக் கல்லுக்கு அந்தப் பெயர்தான் பொருந்துகிறது.

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கட்டியது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தவர்கள் அவர்கள். 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் திரிய வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்களா அந்தோனியாருக்குக் கோயில் எழுப்பியிருப்பார்கள்?

அருகே மணலில் சிலுவைகள் நின்றன. 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையில் ஏறிய அலைதான் எங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

பிறகு சுவர் நிழலில் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். நாகப்பட்டினம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். நேர் எதிரே காட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் என் இடத்தோளுக்கு மேலாகக் கை நீட்டி, "உங்கே" என்றார்.