அமெரிக்காவில் ஒரு கோடைக்கால வேலை: கிளம்பும் முன் மாணவர்கள் பழக வேண்டியவை

கல்லூரி விடுமுறையில் அமெரிக்காவுக்குப் போய்ச் சில மாதம் வேலை பார்த்து, கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும் ஜே-1 விசாத் திட்டத்தில் நானும் மாணவனாகப் போயிருக்கிறேன். இப்போது அதே திட்டத்தில் கிளம்பும் மாணவர்களைத் தயார்ப்படுத்தும் வகுப்புகளை எடுக்கிறேன். பல நாட்டு மாணவர்களோடு பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. படிவம், கட்டணம், டிக்கெட் எல்லாம் எப்படியோ முடிந்துவிடும். அங்கே போன பிறகு கோடை நல்லபடியாகப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது, சந்தேகம் வந்தால் கேட்கவும், பிரச்சினை வந்தால் சொல்லவும் அந்த மாணவருக்குப் பழக்கம் இருக்கிறதா என்பதுதான். அதனால் என் வகுப்பில் பாதி நேரம் கேட்பதற்கான பயிற்சிக்கே போகிறது.

முதலில் திட்டத்தின் அடிப்படை. 1961-இல் வந்த கல்வி, கலாசாரப் பரிமாற்றச் சட்டத்தின் கீழ் நடப்பது இது. ஆகவே இது வெளிநாட்டு வேலைவாய்ப்பு அல்ல, பரிமாற்றத் திட்டம். கல்லூரியில் முழுநேரமாகப் படிப்பவராகவும், குறைந்தது ஒரு செமஸ்டரை முடித்தவராகவும் இருக்க வேண்டும். வேலை பார்க்க அதிகபட்சம் 4 மாதம். அது முடிந்ததும் ஊர் சுற்ற 30 நாள் கூடுதலாகத் தங்கலாம். அந்த 30 நாளில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனம் ஒன்றுதான் உங்களுக்கு டிஎஸ்-2019 என்ற சான்றைத் தரும். உள்நாட்டில் உங்களிடம் பணம் வாங்கும் ஏஜென்சி வேறு, ஸ்பான்சர் வேறு, வேலை தருபவர் வேறு. இந்த மூவரில் யார் எதற்குப் பொறுப்பு என்று தெரியாமலே நிறையப் பேர் விமானம் ஏறிவிடுகிறார்கள். அங்கே போன பிறகு உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஸ்பான்சர். அவர்களுடைய 24 மணி நேர எண்ணை போனில் மட்டுமல்ல, ஒரு தாளிலும் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேலை ஒப்பந்தம். இதை வரி வரியாகப் படிக்க வேண்டும். என்ன வேலை, மணிக்கு எவ்வளவு, வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம், தங்குமிடம் யார் பொறுப்பு, வாடகை எவ்வளவு, முன்பணம் திரும்ப வருமா, தங்குமிடத்திலிருந்து வேலைக்கு எவ்வளவு தூரம், ஷிஃப்ட் இரவில் முடிந்தால் திரும்ப பஸ் உண்டா? இதில் எதற்காவது "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். முகவரி கிடைத்ததும் வரைபடத்தில் போட்டு நடக்கும் தூரத்தைப் பாருங்கள். மேரிலாண்டின் ஓஷன் சிட்டி போன்ற கடற்கரை ஊர்கள் நீளமாக, ஒரே சாலையைப் பிடித்துக்கொண்டு கிடப்பவை. ஊர் பெயர் ஒன்றுதான் என்றாலும் வேலை ஒரு முனையிலும் படுக்கை மறுமுனையிலும் அமைந்துவிடலாம்.

எந்த வேலைகளுக்குத் தடை என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் பால்மைரா ஊரில், சாக்லேட் பொதி கட்டும் கிடங்கு ஒன்றில் வேலைக்கு வைக்கப்பட்ட பல நாட்டு மாணவர்கள் வெளியே வந்து போராடினார்கள். கனமான பெட்டிகள், இரவு வேலை, வாடகைப் பிடித்தம் போகக் கையில் மிஞ்சிய சொற்பத் தொகை, அமெரிக்கர்களோடு பேசிப் பழக வாய்ப்பே இல்லாத சூழல் என்று அவர்கள் சொன்னது நாடு முழுவதும் செய்தியானது. அடுத்த ஆண்டே, 2012-இல், விதிகள் இறுக்கப்பட்டன. இன்று கிடங்கில் பொதி கட்டுவது, தொழிற்சாலை உற்பத்தி, கட்டுமானம், வீட்டு வேலை, வீடு வீடாகப் போய் விற்பது, வண்டி ஓட்டுவது, பெரும்பகுதி இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் விழும் ஷிஃப்ட் எல்லாம் இந்தத் திட்டத்தில் கூடாது. வேலை பருவகாலத்துக்கு உரியதாக இருக்க வேண்டும்; அமெரிக்கர்களோடு பழக இடம் தர வேண்டும். இன்று உங்களுக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, அன்று சில மாணவர்கள் வாயைத் திறந்ததால் வந்தது. வகுப்பில் நான் தவறாமல் சொல்லும் கதை இதுதான்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். ஏஜென்சிகள் மணிக்கூலியைப் பெரிய எழுத்தில் காட்டும், செலவைக் காட்டாது. ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மேரிலாண்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். வாரம் 32 மணி நேரம் என்றால் 480 டாலர். அதில் மத்திய வருமான வரி 10 சதவீதம் என்று 48 டாலர் போகும். மாநில வரிக்கு ஒரு 20 வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 150, சாப்பாடும் துணி துவைப்பதும் சேர்த்து 90 என்றால் மிச்சம் 172 டாலர். 14 வாரத்துக்கு 2,408. இதிலிருந்து விமான டிக்கெட், ஏஜென்சிக் கட்டணம், 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணம், 35 டாலர் செவிஸ் கட்டணம் (பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்களை அமெரிக்க அரசு பதிவு செய்வதற்கானது) எல்லாவற்றையும் கழியுங்கள். சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும், சிலருக்கு வரவும் செலவும் சரியாகிவிடும். வட்டிக்குக் கடன் வாங்கித்தான் போக முடியும் என்ற நிலையில் இருக்கும் மாணவரை நான் போக வேண்டாம் என்றே சொல்கிறேன். கடனை நினைத்துப் பயந்துகொண்டே வேலை பார்ப்பவர் எந்த அநியாயத்தையும் எதிர்த்துக் கேட்கமாட்டார்.

மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் கூலி மாறும். டிப்ஸ் வாங்கும் வேலையில் மத்திய சட்டப்படி அடிப்படைக் கூலி 2.13 டாலராகக்கூட இருக்கலாம், ஆனால் டிப்ஸும் சேர்ந்து குறைந்தபட்சக் கூலியைத் தொடாவிட்டால் மீதியை முதலாளி தர வேண்டும். ஓவர்டைம் விஷயத்திலும் நிறையக் குழப்பம். வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு என்பது பொது விதி. ஆனால் ஆண்டில் 7 மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்குப் பூங்கா போன்ற இடங்களுக்கு மத்திய சட்டம் விலக்குத் தருகிறது. உங்கள் இடம் எந்த வகை என்பதை முன்கூட்டியே ஸ்பான்சரிடம் கேட்டுவிடுங்கள்.

விசா நேர்காணலைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டியதில்லை. என்ன படிக்கிறீர்கள், எந்த ஊருக்கு, என்ன வேலைக்கு, எப்போது கல்லூரிக்குத் திரும்புகிறீர்கள் என்ற கேள்விகளுக்கு உங்கள் வாயால், உங்கள் ஆங்கிலத்தில் பதில் வர வேண்டும். மனப்பாடம் செய்த பதில் அந்த அதிகாரிக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அடுத்த செமஸ்டர் எப்போது தொடங்குகிறது என்று கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலின்போது உங்கள் உரிமைகளைச் சொல்லும் ஒரு சிறு கையேடு கொடுப்பார்கள். பலர் அதை அப்படியே பைக்குள் தள்ளிவிடுவார்கள். அன்றிரவே உட்கார்ந்து படியுங்கள். பாஸ்போர்ட்டை யாரும் பிடுங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது உட்பட எல்லாம் அதில் இருக்கிறது.

இப்போது அந்தப் பயிற்சிக்கு வருகிறேன். பல நாட்டு மாணவர்களிடம் நான் பார்த்த பொதுவான பழக்கம், புரியாவிட்டாலும் தலையாட்டுவது. ஆசிரியர் முன்னால் அது மரியாதையாக இருக்கலாம். உணவக அடுக்களையிலோ நீச்சல் குளத்துக்கு ரசாயனம் கலக்கும் இடத்திலோ அது ஆபத்து. அதனால் வகுப்பில் இருவர் இருவராக உட்கார வைத்து நடிக்கச் சொல்கிறேன். ஒருவர் சூப்பர்வைசர், வேகமாக, பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு மூன்று வேலைகளைச் சொல்வார். மற்றவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்க வேண்டும். முதலில் கூச்சப்படுவார்கள், இரண்டு மூன்று சுற்றில் தெளிவு வந்துவிடும். அமெரிக்க மேலாளர்கள் பெரும்பாலும் இப்படிக் கேட்பவரை அக்கறையுள்ளவராகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த சுற்று கொஞ்சம் கடினமானது. "என் ஒப்பந்தத்தில் வாரம் 32 மணி நேரம் என்று இருக்கிறது. இந்த இரண்டு வாரமும் 20 மணி நேரம்தான் கிடைத்தது. அடுத்த வாரம் எப்படி இருக்கும்?" இதைக் கோபமும் கெஞ்சலும் இல்லாமல், கண்ணைப் பார்த்துச் சொல்லிப் பழக வேண்டும். பதில் திருப்தியாக இல்லை என்றால் அன்றே ஸ்பான்சருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். தேதி, மணி நேரக் கணக்கு, யாரிடம் என்ன பேசினீர்கள் என்பது மட்டும் போதும். என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணுக்கு அங்கே கிடைத்த தங்குமிடத்தில் ஒரே அறையில் அளவுக்கு மீறி ஆட்களை அடைத்திருந்தார்கள், வெளியேறும் கதவில் ஒன்று பூட்டியே கிடந்தது. அவள் படம் எடுத்து, நான்கு வரி எழுதி ஸ்பான்சருக்கு அனுப்பினாள். அந்த வாரமே வேறு இடம் கிடைத்தது. அதே வீட்டில் அவளுக்கு முன்பே வந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்களும் அவளோடு சேர்ந்தே மாறினார்கள். ஸ்பான்சர் கண்டுகொள்ளவில்லை என்றால் வெளியுறவுத் துறையின் ஜே-1 அவசர உதவி எண் 1-866-283-9090 இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 911.

போய் இறங்கும் நாளைத் தேர்ந்தெடுக்கும்போது வார நாளாக, பகலில் சேரும்படி பாருங்கள். இரவில் கடைசி பஸ் போய்விட்டால் முதல் நாளே டாக்ஸிக்குப் பெரும் பணம் போகும். டிஎஸ்-2019-இல் உள்ள தொடக்கத் தேதியிலிருந்து 10 நாளுக்குள் வந்து சேர்ந்ததையும் தங்கும் முகவரியையும் ஸ்பான்சரிடம் பதிவு செய்ய வேண்டும். வீடு மாறினாலும் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை அவர்களே தொடர்புகொள்வார்கள், பதில் போடாமல் விடாதீர்கள். இரண்டாவது வேலை கிடைத்தால் ஸ்பான்சர் அனுமதித்த பிறகே தொடங்க வேண்டும். ஒரு நாள் முன்னதாகத் தொடங்கினாலும் திட்டம் ரத்தாகலாம். சம்பளத்துக்கும் வரிக்கும் தேவைப்படும் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு அடையாள எண்ணுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. அந்த அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லிக் கிஃப்ட் கார்டு வாங்கச் சொல்பவர் மோசடிக்காரர், உடனே போனை வைத்துவிடுங்கள்.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் ஒரு வரியைத் தேடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) என்று மொத்தம் 7.65 சதவீதம் பிடித்திருந்தால் அது தவறு. இந்தத் திட்டத்தில் வரும் மாணவர்களுக்கு அந்த இரண்டு பிடித்தமும் கிடையாது. சம்பளம் போடுபவர்கள் பல நேரம் பழக்கதோஷத்தில் பிடித்துவிடுகிறார்கள். சொன்னால் திருத்தித் தருவார்கள்.

கடலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடற்கரை ஊருக்குப் போகும் மாணவர்களில் நீச்சல் தெரியாதவர்கள் நிறைய. வேலை முடிந்த மாலையில், பாதுகாவலர்கள் இறங்கிப் போன பிறகு, கும்பலாகக் கடலில் இறங்குவார்கள். தயவுசெய்து வேண்டாம். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் நன்றாக நீந்துபவரையும் கொண்டுபோய்விடும். அதில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். சைக்கிளும் அப்படித்தான். வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாட்டில், இடப்பக்கம் பழகிய கண் தெருவைக் கடக்கும்போது தவறான பக்கம் பார்க்கும். ஷிஃப்ட் இரவில் முடியும் என்றால் விளக்கும் ஹெல்மெட்டும் முதல் சம்பளத்துக்குக் காத்திருக்காமல் வாங்க வேண்டியவை. மதுவுக்கு வயது 21. கஞ்சாவைச் சில மாநிலங்கள் அனுமதித்திருந்தாலும் மத்திய சட்டப்படி அது குற்றம்தான், விசாவுக்கு நேரடிப் பாதிப்பு உண்டு.

அப்புறம், இது பரிமாற்றத் திட்டம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரே நாட்டுக்காரர்கள் ஒரே வீட்டில், ஒரே மொழியில் கோடையைக் கழித்துவிட்டுத் திரும்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். உடன் வேலை செய்பவர் சாப்பிட அழைத்தால் போங்கள். ஜூலை 4 சுதந்திர தின வாணவேடிக்கைக்கு யாரோடாவது போங்கள். உங்கள் நாட்டைப் பற்றிக் கேட்பார்கள். பண்டிகை, படிப்பு, குடும்பம் என்று ஐந்து நிமிடம் பேசத் தயாராகப் போங்கள். சில கேள்விகள் அறியாமையில் வரும். அதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்ன இடத்தில்தான் எனக்கு இன்றுவரை நீடிக்கும் நட்புகள் கிடைத்தன.

திரும்பும் முன் கடைசி வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. சம்பளப் பிரிவில் உங்கள் சொந்த நாட்டு முகவரியையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டு வாருங்கள். டபிள்யூ-2 என்ற வரிச் சான்றை ஜனவரி 31-க்குள் அவர்கள் அனுப்ப வேண்டும். அதை வைத்து 1040-என்ஆர் என்ற வருமான வரிப் படிவத்தை ஏப்ரல் 15-க்குள் தாக்கல் செய்தால், கூடுதலாகப் பிடித்த வரி திரும்ப வரும். மாநில வரிக்குத் தனிப் படிவம். பிப்ரவரி நடுவில்கூட டபிள்யூ-2 வரவில்லை என்றால் சம்பளப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள்.