வேப்பிலை போட்டால் பச்சை ஆகிவிடுமா?

வேதியியல் படிக்கிற பிள்ளைகளிடம் ப்ராஜெக்ட் என்ன என்று கேட்டால் பலரும் "இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள்" (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய வெள்ளித் துகள்) என்கிறார்கள். செய்முறை சுலபம். வேப்பிலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றினால் நிறம் மெல்ல மஞ்சளாகிப் பழுப்பாகும். இலையில் இருக்கிற சர்க்கரையும் பாலிஃபீனால்களும் வெள்ளி அயனிகளுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து உலோகமாக்கிவிட்டு, பிறக்கிற துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளாமலும் பார்த்துக்கொள்ளும். இந்த வேலைக்கு வழக்கமாகப் போடுகிற சோடியம் போரோஹைட்ரைடு என்கிற வேதிப்பொருள் தேவையில்லை. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு 2004-இல் வேப்பிலையில் இதைச் செய்து காட்டியது. அப்புறம் துளசி, கற்றாழை, முருங்கை என்று ஒரு செடியையும் விட்டுவைக்கவில்லை.

சரி, இது பசுமை வேதியியலா, அதாவது சூழலுக்குக் கேடு குறைவாக இருக்கும்படி செய்கிற வேதியியலா? எனக்குச் சந்தேகம்தான். அதற்குப் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998-இல் எழுதிய கொள்கைகள் 12. கழிவு, கரைப்பான், மின்சாரம், பயன்பாடு முடிந்த பிறகு அந்தப் பொருள் என்ன ஆகும் என்பது வரை அதில் வருகிறது. இலைச்சாறு மாற்றுவது எலக்ட்ரான் கொடுக்கிற (ஒடுக்கும்) வேதிப்பொருளை மட்டும்தான். வெள்ளி நைட்ரேட் அதேதான், சாக்கடை வழியாகக் குளத்துக்குப் போனால் பாசியையும் மீனையும் பாதிக்கிற வெள்ளியும் அதேதான். போதாததற்கு மழைக்காலத்து இலையும் கோடைக்கால இலையும் ஒன்றில்லை, துகளின் அளவும் மாறும், இதை வைத்துத் தொழிற்சாலை நடத்துவது எப்படி?

எனக்குப் பிடித்த உதாரணம் சென்னை ஐஐடியில் இருக்கிறது. அங்குள்ள வேதியியலாளர் பிரதீப்பின் குழு 2013-இல் வெளியிட்ட தண்ணீர் வடிகட்டிப் பொருள். இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசனோடு அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடு என்கிற அலுமினியச் சேர்மத்தைச் சேர்த்துக் கூண்டு மாதிரி ஆக்கி, அதற்குள் வெள்ளித் துகள்களை உட்கார வைத்தார்கள். தயாரிப்பதும் தண்ணீரிலேயே, சாதாரண அறை வெப்பத்தில். துகள் வெளியே கழன்று வராது, அயனி மட்டும் லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம் கசிந்து கிருமியைக் கொல்லும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் 100 வரை தாங்கலாம் என்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் ஆகும் என்று கணக்கும் கொடுத்திருந்தார்கள். அலுமினியத்துக்குப் பதில் இரும்பைப் போட்டு ஆர்சனிக்கை இழுக்கிற வகையும் இதே குழுவிடமிருந்து வந்தது, பெயர் அம்ரித்.

இலைச்சாற்றுக் கட்டுரை எதையாவது படித்தால் கடைசிப் பக்கத்தில் இதைத் தேடிப் பாருங்கள்: கழுவிய தண்ணீரில் எவ்வளவு வெள்ளி போனது?