பலா மரத்தைச் சுற்றிப் போகும் பாதை

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், குஞ்சப்பனை பக்கம் பலா பழுக்க ஆரம்பித்தால் கீழ்க்காட்டிலிருந்து யானைகள் ஏறி வந்துவிடும். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்துவார்கள், யானை கடந்ததும் கிளம்பிவிடுவார்கள். எங்கள் இருளர் ஊர் அந்தச் சாலையிலிருந்து 800 மீட்டர் உள்ளே, சரிவில் இருக்கிறது. ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. அதற்குப் பின்னால் யானை நின்றால் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதத்தில் ஒரு ராத்திரி என் அக்காவுக்கு வலி எடுத்தது. 108 வண்டி தார்ச்சாலையோடு நின்றுவிட்டது. கம்பளியை மூங்கிலில் கட்டி மாமாமார் நாலு பேர் தூக்கினார்கள், நான் டார்ச் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். பாதி வழியில் கிளை முறிகிற சத்தம். டார்ச்சை அணைத்துவிட்டு எல்லோரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். யானை நகர்ந்து போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு சத்தமே போடாமல் கிடந்தாள். பிள்ளை ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தது. ஆனாலும் அந்த இருட்டு என் மனசை விட்டுப் போகவில்லை. பாதை வாங்காமல் விடக்கூடாது என்று இறங்கினேன்.

பெரியவர்கள் ஏற்கெனவே பல மனு கொடுத்திருந்தார்கள். ‘வன நிலம் என்பதால் பரிசீலிக்க இயலாது’ என்று ஒரே வரியில் திரும்பி வரும். என் மனுவும் அப்படியே வந்தது. நேரில் போய்க் கேட்டேன். டெல்லி அனுமதி வேண்டும், அதெல்லாம் உங்களால் ஆகாதம்மா என்றார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் எங்கள் ஊர் இத்தனை காலம் சும்மா இருந்திருக்கிறது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கூடலூர் பக்கம் இருக்கிற ஒரு பணியர் பழங்குடித் தோழிதான் வழி சொன்னாள். 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் என்றால் பட்டா என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அதில் 3(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை என்று 13 வகை வசதிகளுக்கு அரசு வன நிலத்தை ஒதுக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். 1980ஆம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் குறுக்கே நிற்காது. டி.எஃப்.ஓ., அதாவது கோட்ட வன அலுவலர் அளவிலேயே முடிவெடுக்கலாம். அன்றைக்கே கணக்குப் போட்டேன். 800 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2,400 சதுர மீட்டர். கால் ஹெக்டேர்கூட இல்லை.

அப்புறமும் ஒரு தப்பு செய்தேன். விண்ணப்பத்தை நாமே வனத்துறைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக் கொடுத்தேன். வேலையை எடுத்துச் செய்யப்போகிற அரசுத் துறைதான் அதைக் கொடுக்க வேண்டும். அவர்களிடம் போனால், முதலில் வனத்துறை சம்மதிக்கட்டும் என்றார்கள். அங்கே போனால், முதலில் அவர்கள் எழுதட்டும் என்றார்கள். இப்படியே நாலு மாதம் போனது. ஒவ்வொரு தடவையும் பஸ் செலவு, ஒரு நாள் கூலி. கடைசியில் ஊட்டியில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். அந்தச் சட்டப் பிரிவைப் பிரிண்ட் எடுத்து மனுவோடு பின் பண்ணி, இரண்டு துறைகளின் பெயரையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தேன். அன்றோடு அலைச்சல் பாதியாகக் குறைந்தது.

கிராம சபைக்கு வருகிறேன். ஊராட்சி முழுக்கக் கூடுகிற சபையில் எங்கள் முப்பது வீட்டுக் குரல் எடுபடாது. வன உரிமைச் சட்டத்தின் 2012 திருத்த விதிகளின்படி எங்களைப் போன்ற குடியிருப்புக்குத் தனியாகவே சபை கூட்டலாம். பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். எங்களுக்குப் பெண்கள் கணக்கில் கவலையே இல்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்கள் கூடையை இறக்கி வைத்த கையோடு உட்கார்ந்தார்கள். தீர்மானத்தை இரண்டு தடவை சத்தமாக வாசித்தேன், ஒரு தடவை எங்கள் பேச்சிலேயே சொன்னேன். கையெழுத்தும் கைநாட்டும் முடிய இருட்டிவிட்டது.

ஆய்வுக்கு ரேஞ்சர் டேப்போடு வந்தார். நேர்க்கோட்டில் போனால் 11 மரம் போகும், அதில் ஒன்று பெரிய பலா. ஆண்கள் பலர், அதை வெட்டினால் யானையும் வராது, நல்லதுதானே என்றார்கள். பாட்டி ஒருத்தர் கம்பை ஊன்றிக்கொண்டு மரத்தடியிலேயே நின்றுவிட்டார். “இங்க தின்னுட்டு அது பாட்டுக்குப் போயிருது சாமி. இதை வெட்டினா பசியோட வாசலுக்கு வரும்” என்றார். ரேஞ்சர் மரத்தை அண்ணாந்து பார்த்தார், கீழே கிடந்த பழைய யானைச் சாணத்தைப் பார்த்தார். பிறகு டேப்பைச் சுருட்டி, கீழ்ப்பக்கமாக வளைத்து மறுபடி அளக்கச் சொன்னார். பாதை 30 மீட்டர் நீண்டது. வெட்ட வேண்டிய மரம் நாலாகக் குறைந்தது. 2,490 சதுர மீட்டர், அப்போதும் கால் ஹெக்டேருக்குள்தான். அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன்.

அனுமதி வந்து, டெண்டர் விட்டு, சிமெண்ட் போட்டு முடிக்க ஒரு வருஷம் ஆனது. பாதையோரத்து உண்ணிச்செடியை ஊரே சேர்ந்து வெட்டினோம். இப்போது வளைவில் நின்றால் பலா மரம் வரை பார்வைக்கு மறைப்பில்லை. யானை நின்றால் முன்கூட்டியே தெரிகிறது, திரும்பி வந்துவிடுகிறோம்.

இந்த மாதிரி ஊரிலிருந்து யாராவது இதைப் படித்தால், ‘வன நிலம்’ என்ற பதிலோடு மனு திரும்பி வந்தால் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு வந்த கடிதத்தின் நகலை வைத்துத்தான் குறைதீர் கூட்டத்தில் பேச முடிந்தது.

போன மாதம் அக்கா மகனுக்குக் காய்ச்சல். 108 வண்டி முதல் முறையாக ஊருக்குள்ளேயே வந்து திரும்பிப் போனது. ஓடைக்கு மேல் சின்னப் பாலம் ஒன்று இன்னும் பாக்கி, பெருமழை பெய்தால் வண்டி அந்தப் பக்கமே நின்றுவிடும். அதற்கான தீர்மானத்தை எழுதி வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை சபை கூடுகிறது.