டமாஸ்கஸ் குழலை அறுத்துப் பார்த்தேன்

பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் குழல் துண்டுகள் இரண்டு, மூன்று மாதமாக என் பட்டறை மேசையில் கிடக்கின்றன. இனிமேல் சுடவே முடியாதபடி அறுக்கப்பட்ட குழல் அது. டமாஸ்கஸ் குழல் கையிலேயே வெடித்துவிடும் என்று ஒரு சாரார் சொல்வார்கள். நூறு வருடம் சுட்ட குழல், இன்னும் சுடும் என்பார்கள் மற்றவர்கள். சரி, உலோகத்தையே கேட்டுவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

பெயரைக் கேட்டதும் டமாஸ்கஸ் வாள்களோடு சேர்த்துச் சொல்லப்படும் நம் உருக்கு எஃகு நினைவுக்கு வரும். குகை எனப்படும் மண் கிண்ணத்தில் உருக்கி எடுத்த அந்த எஃகு வேறு, இது வேறு. குழல் டமாஸ்கஸ் என்பது தேனிரும்பையும் எஃகையும் அடுக்கி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டி, கம்பியாக்கி முறுக்கி, முறுக்கிய கம்பிகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி நாடாவாக்கி, அந்த நாடாவை ஓர் உருளைமேல் சுருளாகச் சுற்றி விளிம்போடு விளிம்பைப் பற்றவைத்துச் செய்தது. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் லியேஜ் வட்டாரத்திலும் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் இந்த வேலை பெரிதாக நடந்தது. ஒட்டுவதற்குச் சம்மட்டியையும் கண்ணையும்தான் பெரிதும் நம்பினார்கள். அதை நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

முதல் துண்டை 120இல் தொடங்கி 1000 வரை உப்புத்தாளால் தேய்த்து, உலோகத்தை அரிக்கும் நீர்த்த ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டேன். சில நிமிடங்களில் ஓர் உலோகம் கறுத்தது, மற்றது வெளுப்பாக நின்றது. மூன்று கம்பிகள், ஒவ்வொன்றிலும் சுருள் சுருளாகக் கோலம். நான் தேடியது கோலத்தை அல்ல, நாடாவும் நாடாவும் சேரும் கோட்டை. உருப்பெருக்கியில் தலைமுடியைவிட மெல்லிய கோடு தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும் கடுகில் கால்வாசி அளவுக்குக் கறுப்புப் புள்ளி: அடிக்கும்போது வெளியேறாமல் சிக்கிய கசடு.

ஒட்டு எப்படித் தோற்கும் என்று புரிய, நானும் ஒரு சின்னக் கட்டி செய்தேன். குழல் செய்வதற்கில்லை, வளைத்துப் பார்க்கத்தான். 1084, 15என்20 என்ற இரு வகை எஃகின் தகடுகள் ஒன்பது, வெண்காரம் தூவி உலையில் ஒட்டியது. சாணை பிடித்தபின் பார்த்தால் பளிங்கு மாதிரி, எங்கும் குறையில்லை. அதைக் காய்ச்சி முறுக்கியதும் நடுவில் வாழைப்பட்டை போலப் பிரிந்தது. உள்ளே ஓர் இடம் ஒட்டவே இல்லை. வெளியே அதற்குத் துளி அடையாளமும் இல்லை. இரண்டாவது கட்டி நன்றாக அமைந்தது. குளிர்ந்தபின் அதைத் தொண்ணூறு பாகை வளைத்தும் பிளக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருந்தன.

அப்படியானால் ஒட்டு நிறைந்த அந்தக் குழல்கள் அத்தனை வருடம் எப்படித் தாங்கின? விடை சுற்றிய விதத்தில் இருக்கிறது. மெல்லிய சுவர் கொண்ட குழாயில் உள்ளழுத்தம் ஏறும்போது, சுற்றளவு வாக்கில் வரும் இழுவிசை நீளவாக்கில் வருவதைப் போல இரு மடங்கு. நாடா சுற்றிப் போவதால் அந்தப் பெரிய இழுவையை நாடாவின் உடம்பே வாங்கிக்கொள்கிறது, நாடாக்களுக்கு இடையிலான ஒட்டுக்குச் சின்னப் பங்குதான் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கிக் குழல்களைச் சோதித்துச் சான்று தரும் பர்மிங்காம் சோதனைச் சாலை, குழல்களை வரிசையாக உடைத்துப் பார்த்தபோது, இதே போல ஒட்டிச் சுற்றிய உயர்தர ஆங்கில அடுக்கெஃகுக் குழல் முன்வரிசையில் நின்றதில் எனக்கு இப்போது ஆச்சரியமே இல்லை. ஆனால் அங்கே சோதித்தவை புதுக் குழல்கள்.

என் துண்டு புதுசல்ல. அதிலிருந்து ஒரு வளையம் அறுத்து, வைஸில் மெதுவாக நசுக்கினேன். பாதி தூரம் வரை நன்றாக மடங்கியது, அப்புறம் ‘டிக்’ என்று ஒரு சத்தம். விரிசல் ஒட்டில் விழவில்லை, உட்புறத்துத் துருக்குழி ஒன்றில் விழுந்திருந்தது. அந்த இடத்தில் சுவர் 1.1 மில்லிமீட்டர், குழியின் ஆழம் 0.4. கரிமருந்து என்ற பழைய கறுப்பு வெடிமருந்தின் கசடும், அதைப் பற்றவைக்கும் பழைய எரியூட்டிகளில் இருந்த குளோரேட் விட்டுச்சென்ற உப்பும் ஈரத்தை இழுத்து உள்ளே தின்றிருக்கின்றன. உட்புறத்தைக் கடைந்து பளபளப்பாக்கினால் குழி மறையும், கூடவே சுவரும் மெலியும். விற்பனைக்கு வரும் கண்ணாடி போன்ற குழல்களைக் கண்டால் எனக்கு இப்போது பயம்தான் வருகிறது.

தோட்டா விஷயமும் உண்டு. எந்த மருந்திலும் அழுத்தம் குழலின் பின்பக்கத்தில்தான் உச்சம் தொட்டு இறங்கும். மெதுவாக எரியும் சில புகையில்லா மருந்துகளில், சுவர் மெலிந்த முன்பகுதியிலும் அது கூடுதலாக இருக்கலாம். கேஜ் என்பது குழல் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும். இன்றைய 12 கேஜ், 2¾ அங்குல நீளத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரம் விதிக்கும் வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 2½ அங்குலமே, இந்தத் தோட்டாவுக்கு அது குட்டை. தவறி நுழைந்த 20 கேஜ் தோட்டா அறைக்கு முன்னால் சிக்கிக்கொண்டு, அடுத்ததைச் சுட்டால் எந்த எஃகுக் குழலும் கிழியும். இதில் டமாஸ்கஸைக் குறை சொல்வது நியாயமில்லை.

பழைய டமாஸ்கஸ் குழல் வைத்திருப்பவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: அனுபவமுள்ள துப்பாக்கிக் கம்மியரிடம் குழல் சுவரின் தடிமனை முழு நீளத்துக்கும் அளக்கச் சொல்லுங்கள், சோதனைச் சாலைக்கு அனுப்புங்கள், அதுவரை சுடாமல் வீட்டுச் சுவரில் மாட்டி வையுங்கள்.

இரண்டாவது துண்டின் உட்புறத்தில் குழிகள் குறைவு. இந்த வாரம் அதை நீளவாக்கில் பிளந்து, ஒட்டுக் கோட்டுக்குக் குறுக்காக வளைக்கப்போகிறேன்.